முதல் மாண்டலின்: எட்டில் நான்கைக் கழற்றுங்கள்

குழந்தைக்கு மாண்டலின் வாங்கக் கிளம்புகிற பெற்றோர் கடையில் ஏறியதும் கேட்பது, "நம்ம பட்ஜெட்டுக்குள்ள எது நல்லா இருக்கும்?" என்பதுதான். கடைக்காரருக்கு இதைவிட வசதியான கேள்வி கிடையாது. அவரிடம் ஆறாயிரத்துக்கு ஒன்று இருக்கும், பத்தாயிரத்துக்கு ஒன்று இருக்கும், அதற்கும் மேலே பளபளவென்று ஒன்று சுவரில் தொங்கும். நம் சட்டையைப் பார்த்து எதைக் கையில் எடுத்துக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியும். கேட்க வேண்டியது வேறு: இந்தத் தந்தி மெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அதைக் குறைக்க முடியுமா, குறைக்கத் தெரிந்தவர் யார்? ஒரு மலிவு மாண்டலின் பிழைப்பதும் கெடுவதும் இந்த உயரத்தில்தான். என் மகளின் எட்டுத் தந்தி மாண்டலினில் நான்கைக் கழற்றிவிட்டு, வாங்கிய விலையில் கணிசமான ஒரு பங்கை அதைச் சரிசெய்யவே செலவழித்தவன் நான். "வாத்தியத்தை வாங்கி அதைப் பாதியாக்கிட்டாரே" என்று இன்றும் சிரிக்கிற உறவினர்கள் உண்டு, கற்பிக்கிறவர்களிலும் உண்டு. அவர்களுக்கான பதிலாகவும் இதை வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலும் எட்டு, ஒன்பது வயதில் ஒரு பிள்ளை, வாரம் இரண்டு வகுப்பு, கர்நாடக சங்கீத ஆசிரியர் ஒருவர், அளவான பணம் என்றுதான் நிலைமை இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில், விலை எதில் ஏறுகிறது என்று பார்த்துவிடலாம். நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினுக்குச் சட்டி போலக் குவிந்த முதுகு. இன்று கடைகளில் நாம் பார்க்கிற தட்டை முதுகு மாண்டலின்களின் வம்சம் அமெரிக்காவில் தொடங்கியது. ஓர்வில் கிப்சன் என்ற கைவினைஞர், வயலினைப் போல மரத்தைக் குடைந்து செதுக்கிய மாண்டலினுக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலான கம்பெனி மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் இரண்டு வடிவங்களைப் பரப்பியது. கண்ணீர்த்துளி போல எளிமையாக இருப்பது ஏ வடிவம். தோளில் ஒரு சுருளும் பக்கத்தில் கொம்பு போன்ற முனைகளும் கொண்டது எஃப் வடிவம். பில் மன்றோ என்ற புளூகிராஸ் கலைஞர் 1923ஆம் ஆண்டின் எஃப் வடிவ மாண்டலின் ஒன்றைப் பல பத்தாண்டுகள் வாசித்துப் புகழ்பெற்றதால், சுருள் வைத்ததுதான் உசத்தி என்ற எண்ணம் உலகமெங்கும் பரவிவிட்டது. அந்தச் சுருள் ஒலிக்கு எதையும் தருவதில்லை. அதைச் செதுக்கக் கூலி அதிகம், அவ்வளவுதான். ஒரே விலையில் சுருள் உள்ளதும் இல்லாததும் இருந்தால், சுருளுக்குப் போன கூலி வேறெங்கோ குறைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். குறைத்தது பெரும்பாலும் நம் கண் போகாத இடமாகத்தான் இருக்கும்: மெட்டுகளின் முனைகள், சாவிகளின் பற்கள், தந்தி உட்காரும் பள்ளங்கள். இதே கணக்கு அலங்காரப் பதிப்புக்கும் வர்ணத்துக்கும் இலவசப் பைக்கும் பொருந்தும். இலவசமாக ஒரு பை, மூன்று பிக், ஒரு பெல்ட் எல்லாம் தருகிறவர் தந்தி உயரத்தை மட்டும் சரிபார்த்துத் தரமாட்டார். அதற்கு ஒரு மணி நேர வேலை இருக்கிறது.

இனி அந்த உயரம். மாண்டலினில் அது மூன்று இடங்களில் தீர்மானமாகிறது. தலைப்பக்கம் தந்திகள் பள்ளத்தில் அமர்ந்து வரும் சின்னக் குறுக்குக்கட்டை ஒன்று; அதை நட் என்பார்கள். உடலின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டை, அதாவது குதிரை, இரண்டாவது. கழுத்தின் வளைவு மூன்றாவது. தொழிற்சாலையில் நட்டின் பள்ளங்களை ஆழம் குறைவாகவே அறுத்து அனுப்புகிறார்கள். ஆழமாக அறுத்துவிட்டால் தந்தி மெட்டில் தட்டிக் கரகரக்கும், பொருள் திரும்பி வரும். குறைவாக அறுத்தால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள், பிள்ளையின் விரல்தான் வலிக்கும். இதன் விளைவு வலியோடு நிற்பதில்லை. உயரமாக நிற்கிற தந்தியை மெட்டு வரைக்கும் அழுத்தும்போது அது நீள்கிறது, நீண்டால் விறைக்கிறது, விறைத்தால் சுரம் ஏறுகிறது. நட் உயரமாக இருந்தால் இந்தப் பிசகு எல்லாவற்றையும்விட முதல் மெட்டில்தான் அதிகம். நம் பிள்ளை முதலில் படிக்கப்போவது மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை. சட்ஜத் தந்தியில் சுத்த ரிஷபம் முதல் மெட்டு. பஞ்சமத் தந்தியில் சுத்த தைவதமும் முதல் மெட்டு. ஆக, முதல் பாடத்தின் ஏழு சுரங்களில் இரண்டு, வாத்தியத்தின் மிக மோசமான இடத்தில் போய் விழுகின்றன. "ரிஷபம் ஏறிப் பேசுது, காது சரியில்லை" என்று ஆசிரியர் பிள்ளையைக் கடிந்துகொள்வார். பிள்ளையின் காது சரியாகத்தான் இருக்கும். அரை மில்லிமீட்டர் அறுக்காமல் விட்ட ஒரு கட்டைக்கு, பாடம் தொடங்கிய மாதமே ஒரு குழந்தை மக்குப்பட்டம் வாங்குகிறது.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஏடிஎம் கார்டின் தடிமன் உலகம் முழுக்க ஒரே அளவு, 0.76 மில்லிமீட்டர். பெயர் புடைத்து நிற்காத கார்டுகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் மெட்டுக்கும் அதன்மேல் போகும் தந்திக்கும் நடுவே இரண்டு கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் அந்த வாத்தியம் அந்த நிலையில் பிள்ளைக்கு ஆகாது. அடுத்து, தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் மெட்டின் மேல் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்று போகிற அளவுதான் இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டே போய் வந்தால் நட்டை அறுக்க வேண்டும். மூன்றாவது, குதிரை நிற்கும் இடம். மாண்டலினின் குதிரை ஒட்டப்பட்டதில்லை, தந்திகளின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. பார்சலில் வரும்போது நகரும், கடையில் துடைக்கும்போதும் நகரும். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு மேல் சட்ஜம் வரும். அதே மெட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் வர வேண்டும். போனில் இலவசமாகக் கிடைக்கும் ட்யூனர் செயலி வித்தியாசத்தைக் காட்டிவிடும். மாண்டலின் தந்தியின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர்தான் என்பதால் குதிரை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே அந்த மெட்டில் ஏறத்தாழ 5 சென்ட் பிசகும். அரைச்சுரம் என்பது 100 சென்ட். நான்கு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் ஓர் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். குதிரையை நகர்த்திச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். குதிரையைச் சரியாக நிறுத்திய பிறகும் ஐந்தாம் மெட்டில் மத்யமமும் ஏழாம் மெட்டில் பஞ்சமமும் 10 சென்டுக்கு மேல் தவறினால், மெட்டுகளே தப்பான இடத்தில் அடிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வாத்தியத்தை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இங்கேதான் பணத்தைத் தொலைக்கும் தவறு நடக்கிறது. பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது என்றால் பத்தாயிரத்தையும் வாத்தியத்துக்கே கொடுத்துவிடுகிறோம். நான் சொல்வது, ஏழாயிரத்துக்கு வாங்கி மிச்சத்தை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது. நட் அறுப்பது, குதிரையை உயரம் குறைப்பது, மெட்டு முனைகளை ராவுவது, நல்ல தந்தி போடுவது: இந்த நான்கும் செய்த ஏழாயிரம் ரூபாய் மாண்டலின், எதுவும் செய்யாத பதினைந்தாயிரத்தைவிடப் பிள்ளைக்கு நன்றாக வாசிக்கும். கிட்டார் பழுதுபார்க்கிறவர் யாரும் இதைச் செய்வார். இரண்டுக்கும் வேலை ஒன்றே. வீணைக்காரரிடம் கொண்டுபோவதில் ஒரு சிக்கல் உண்டு. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை. மேளம் கட்டுகிறவர் காதால் கேட்டு ஒவ்வொன்றையும் நகர்த்தி வைக்கிறார், சில வருடம் கழித்துப் பிரித்து மறுபடியும் கட்டுகிறார். மாண்டலினில் மெட்டு மரத்தில் வெட்டிய கோட்டுக்குள் அடித்து இறக்கப்பட்டது. எவ்வளவு தேர்ந்த கையாலும் அதை நகர்த்த முடியாது. ஆனால் வீணை வாங்குகிறவர்களின் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். மேளம் சரியாக இல்லாத வீணையை வீட்டுக்கு எடுத்து வருகிற வைணிகர் யாரும் இல்லை. மேளம் கட்டும் கூலியை வீண் செலவு என்றும் அவர்கள் நினைப்பதில்லை. மாண்டலின் என்றதும் மட்டும் அட்டைப்பெட்டியைப் பிரித்து அப்படியே குழந்தை கையில் கொடுத்துவிடுகிறோம்.

நான்கு தந்திகளைக் கழற்றும் விஷயத்துக்கு வருகிறேன். மாண்டலினில் எட்டுத் தந்திகள் நான்கு ஜோடிகளாக ஓடுகின்றன. ஒரு ஜோடியில் இரண்டும் ஒரே சுரம். மைக் இல்லாத காலத்துச் சின்ன வாத்தியத்துக்கு அது ஒலியைக் கூட்டியது, ஒரு மினுமினுப்பையும் கொடுத்தது. தந்தியில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவதால், பிக்கை மேலும் கீழும் வேகமாக அடித்துச் சுரத்தை நீட்டும் ட்ரெமலோ வாசிப்புக்கும் ஜோடி உதவியது. நமக்கு வேண்டியது வேறு. நம் சங்கீதத்தில் சுரம் நிற்பதில்லை, அசைகிறது. மெட்டுள்ள வாத்தியத்தில் அந்த அசைவுக்கு, விரலைச் சறுக்க வேண்டும் அல்லது தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஜோடியாக ஓடும் இரண்டு கம்பிகளை ஒரே விரலால் இழுத்தால் இரண்டும் சமமாக ஏறுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், கமகம் இருந்த இடத்தில் இரைச்சல் வரும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விட்டுவிட்டு ஒற்றைத் தந்திகளுக்கு வந்ததும், ஐந்து தந்தி கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினைத் தனக்கென அமைத்துக்கொண்டதும் இந்தத் தேவையால்தான். பாலகொல்லுவில் 1969இல் பிறந்து, 2014இல் 45 வயதிலேயே மறைந்த அந்தக் கலைஞர் வரும்வரை மாண்டலின் நமக்குச் சினிமாப் பாட்டின் பின்னணி வாத்தியம். அவர் எதை வைத்துக்கொண்டார் என்று எல்லாரும் பேசுகிறோம். எதைக் கழற்றினார் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அவர் ஒதுக்கிவைத்த இரட்டைத் தந்தியைக் குழந்தைகள் கையில் கொடுத்து இதுதான் முறையான மாண்டலின் என்று சாதிக்கிற வகுப்புகளைக் கண்டால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

விரல் கணக்கும் ஒன்று இருக்கிறது. வழக்கமான மீடியம் தந்திகள் எட்டையும் மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ என்று சேர்த்தால், கழுத்தின் மேல் விழும் மொத்த இழுவை 75 கிலோவுக்கும் மேல். ஜோடிக்கு ஒன்றாகக் கழற்றினால் அது நேர்பாதி. இப்போது மிச்சமிருக்கும் நான்கை நம் முறைப்படி ஸ, ப, ஸ, ப என்று ஐந்து கட்டைக்குச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து கட்டை என்பது ஜி. கீழ் இரண்டு தந்திகள், ஜி-யும் டி-யும், இருந்த இடத்திலேயே ஸட்ஜமும் பஞ்சமமும் ஆகிவிடுகின்றன. மேல் இரண்டும், ஏ-யும் இ-யும், ஒரு முழுச்சுரம் இறங்கி மறுபடியும் ஜி, டி ஆகின்றன. முழுச்சுரம் இறங்கினால் தந்தியின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். விரலை அறுக்கிற மெல்லிய தந்திகள் எவையோ அவையே தளர்கின்றன. மொத்த இழுவை 35 கிலோ சுமாருக்கு வந்துவிடும். ஐந்து கட்டை பெரும்பாலான குழந்தைகளின் குரலுக்கும் ஒத்துவருகிற சுருதி; பாடிக்கொண்டே வாசிக்கலாம். மேல் தந்தியை 0.011 அங்குலத்திலிருந்து 0.010 அங்குலமாக மாற்றினால் இன்னும் 17 சதவீதம் குறையும். அதற்கும் கீழே போக வேண்டாம். ரொம்பவும் தளர்ந்த தந்தியில் பிள்ளை கொஞ்சம் அதிகம் அழுத்தினாலே சுரம் ஏறிவிடும். நட்டைச் சரிசெய்து எதைச் சம்பாதித்தோமோ அதை இங்கே விட்டுவிடுவோம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் எனக்கு மனப்பாடம். ஒன்று, சத்தம் குறைந்துவிடும் என்பது. குறையும், மறுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு வருடம் பிள்ளை வாசிக்கப்போவது ஹாலில், சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில். அந்தச் சத்தம் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுக்காரருக்கும் அதுவே போதும். பிறகு தேவைப்பட்டால் ஒட்டிக்கொள்ளும் பிக்கப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது மறுப்பு, ஆரம்பப் பாடத்தில் கமகமே இல்லை, வரிசைகளுக்கு எட்டுத் தந்தி இருந்தால் என்ன கெட்டுவிடும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கமகம் பிறகு வரலாம், ஆனால் கை இப்போதே பழகுகிறது. இரட்டைத் தந்தியை அழுத்த இரண்டு மடங்கு பலம் வேண்டும். அந்த முரட்டு அழுத்தத்துக்குப் பழகிய விரல், வர்ணத்துக்கு வந்து ஒற்றைத் தந்தியை இழுக்கும்போது சுரத்தை எங்கோ கொண்டுபோய் விடும். கெட்ட பழக்கத்தை இரண்டு வருடம் வளர்த்துப் பிறகு மூன்று வருடம் திருத்துவதற்கும் நாம்தான் ஃபீஸ் கட்ட வேண்டும். மூன்றாவது, கொஞ்சம் கனமான மறுப்பு: நேராக எலெக்ட்ரிக் மாண்டலினே வாங்கிவிடலாமே என்பது. வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். ஐந்து தந்தி எலெக்ட்ரிக் பெரும்பாலும் சொல்லிச் செய்ய வேண்டியது. அதோடு ஆம்ப்ளிஃபயர், கேபிள், மலிவு ஆம்ப்ளிஃபயரின் ரீங்காரம் எல்லாம் கூடவே வரும். வாத்தியத்துக்கென்று ஒதுக்கியது பெட்டிக்குப் போய்விடும். ஐந்தாவது தந்தி இல்லாமல் ஸரளியும் ஜண்டையும் அலங்காரமும் கீதமும் எதுவும் நிற்கப்போவதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் நான் இறங்கி வருவேன். பிள்ளைக்கு ஆசை சினிமாப் பாட்டின் மேல், 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'யில் கதாநாயகன் மாண்டலினோடு கடுகு வயலில் நிற்கிறானே, அந்த ஒலியின் மேல் என்றால், ஜோடித் தந்தி வேண்டும். ட்ரெமலோவின் அழகே அதில்தான். இந்தி சினிமாவில் சஜ்ஜாத் ஹுசைன் போன்ற ஒரு பெரிய இசையமைப்பாளரே மாண்டலின் வாசிப்பில் கெட்டிக்காரர், அந்த வழியும் மதிப்பானதுதான். அப்படியானால் தந்திகளைக் கழற்ற வேண்டாம், உயரத்தை மட்டும் சரிசெய்யுங்கள். ஆனால் கர்நாடக வகுப்பில் சேர்த்துவிட்டு, "லைட் மியூசிக்கும் வாசிக்கட்டுமே" என்று இரண்டுக்கும் பொதுவாக வாங்குகிறவர்கள் பிள்ளையின் விரலை இரண்டுக்கும் ஆகாமல் செய்கிறார்கள்.

நல்ல விலையில் வாங்கினால்தான் பிள்ளைக்கு ஈடுபாடு வரும் என்ற வாதத்தை நான் மதிப்பதில்லை. இதில் கடைசியில் பேசப்படுவது மேல்பலகை: ஒரே மரத்தில் செதுக்கியதா, ஒட்டுப்பலகையா? நல்ல மரம் நன்றாக ஒலிக்கும், பழகப் பழகத் திறக்கும், எல்லாம் உண்மை. அந்த மரம் சென்னையின் கடற்காற்றில் ஊறி, ஏசி அறையில் காய்ந்து, சித்திரை வெயிலில் காருக்குள் வெந்து, ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் சோபாவிலிருந்து விழுந்து எழுந்து திறக்க வேண்டும். ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டதால் உப்புவதும் சுருங்குவதும் குறைவு. உயரத்தைச் சரிசெய்ய நாம் கொடுத்த காசு அடுத்த மழைக்காலத்தில் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், முதல் வாத்தியத்துக்கு ஒட்டுப்பலகைதான் புத்திசாலித்தனம். ஈடுபாடு பற்றி ஒன்று மட்டும். ஸ்ரீநிவாஸுக்குக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். மாண்டலின் வாசித்தவர் இல்லை. அவர் பாடுவார், பையன் அதை வாத்தியத்தில் கொண்டுவருவான். வீட்டில் அப்பா வைத்திருந்த மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கிய அந்தப் பையன் 1981இல் சென்னை மேடைக்கு வந்துவிட்டான். பாடத் தெரிந்த நல்ல ஆசிரியர் கிடைத்தால் அவர் மாண்டலின்காரராக இல்லாவிட்டாலும் போங்கள். தானே வாத்தியத்தையும் விற்று, "என்கிட்ட வாங்கினாத்தான் சொல்லித்தருவேன்" என்கிற ஆசிரியரைவிட அவர் ஆயிரம் மடங்கு மேல்.

வயலினே வாங்கியிருக்கலாமே என்றும் கேட்பார்கள். வயலினில் கமகம் எளிது, ஆசிரியர்கள் தெருவுக்கு ஒருவர். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இதையும் சொல்ல வேண்டும்: வயலினில் குழந்தையின் கை வளர வளரக் கால், அரை, முக்கால் என்று அளவு மாற்றிக்கொண்டே போக வேண்டும். மாண்டலினின் தந்தி நீளம் முழு அளவு வயலினைவிடச் சற்றே அதிகம் என்றாலும், மடியில் வைத்து வாசிப்பதாலும் மெட்டு இருப்பதாலும் எட்டு வயதுக் கைக்கு அதுவே எட்டிவிடுகிறது. ஒருமுறை வாங்கினால் போதும்.

மற்றவை சில வரிகளில். சாவிகளைத் திருகிப் பாருங்கள், திருகியதும் சுரம் நகர வேண்டும், சும்மா சுற்றக் கூடாது. கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பாருங்கள். முறுக்கு இருந்தால் வைத்துவிடுங்கள். பழைய வாத்தியமானால் முதல் ஐந்து மெட்டுகளில் தந்தி பள்ளம் விழுத்தியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் போதும். பழசு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, யாரோ ஒருவர் ஏற்கெனவே நட்டை அறுத்திருக்க வாய்ப்புண்டு. பிக் நடுத்தர கனம். பை எதுவானாலும் சரி. ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் நாள் கெடுவுக்குள் கார்டு சோதனையைச் செய்துவிடுங்கள். கடையில் கார்டை எடுத்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். "குழந்தை வாசிக்க வாசிக்கத் தானே இறங்கிடும் சார்" என்பார்கள். தானாக இறங்காது. தந்திகளின் இழுவையில் கழுத்து முன்னால் வளைந்து உயரம் கூடத்தான் வாய்ப்பு. அப்படிச் சொல்கிற கடையை விட்டு இறங்கிவிடலாம்.

தந்திகளைக் கழற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள், குதிரை சாய்ந்து பென்சில் கோட்டுக்கே வேலை வந்துவிடும். ஜோடிக்கு ஒன்றாக, ஒன்று விட்டு ஒன்று எடுங்கள்; மிச்சமிருக்கிற நான்கும் ஒரே இடைவெளியில் நிற்கும்படி எல்லா ஜோடியிலும் ஒரே பக்கத்துத் தந்தியைக் கழற்ற வேண்டும். இழுவை பாதியானதும் கழுத்து சற்று நிமிர்ந்து தந்தி தாழ்வாகும், எங்காவது மெட்டில் தட்டிக் கரகரத்தால் குதிரையின் இரண்டு திருகுச் சக்கரங்களையும் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். அதனால் கழற்றும் வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோக வேண்டும். முன்னால் கொண்டுபோனால் எட்டுத் தந்தியின் இழுவைக்கு அவர் அளந்து வைத்தது நான்குக்குப் பொருந்தாது. கழற்றிய நான்கையும் சுருட்டி உறையில் போட்டு வையுங்கள். முதலில் அறுவது எப்போதும் மேல் தந்திதான், அதுவும் வகுப்புக்குக் கிளம்புகிற நேரத்தில். அன்றைக்குக் கடைக்கு ஓட வேண்டாம்.